மதிப்பெண்ணும் பாதுகாப்பும்



'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் நாட்டுப் பழமொழி. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பதும் நம் நாட்டுப் பழமொழியே. சிறிதளவைச் சோதித்து முழுவதையும் அறியலாம் என்கிறது முதலாவது. தாளில் இருப்பது வேறு, அடுப்பில் வேகுவது வேறு என்கிறது இரண்டாவது. இவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். ஆயினும் நம் அன்னையர் இரண்டையும் ஒரே நாளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கணினிகளைக் காக்கும் மென்பொருள்களுக்குச் சோதனைக்கூடங்கள் வழங்கும் மதிப்பெண்களுக்கு இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் சேலத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன். ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் வசித்து வருகிறேன். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால், சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள் தொடங்கிவிடும். சவுக்குப் போல உயர்ந்து நிற்கும் வெள்ளி ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள். அம்மரங்களின்மேல் படர்ந்த மிளகுக் கொடிகள். 1820களில் சேலத்து ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார் என்பது வரலாறு. அத்தகைய தோட்டங்களுள் சிறியதொன்று என் வீட்டுக்கு அண்மையில் இருக்கிறது. அதனை நடத்தி வருபவர் வயது முதிர்ந்த ஓர் அம்மையார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் என்னிடம், "ஐயா, தோட்டத்துக் கணக்கையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டோம். நோய் தாக்காமல் இருக்க எந்த ஆண்டிவைரஸ் வாங்கலாம்? நீங்கள் எண்களைப் பற்றி அறிந்தவராயிற்றே" என்று கேட்டார்.

எண்களைப் பற்றி அறிந்தவன் என்ற சொல்லில் நான் மயங்கிவிட்டேன். வெளிநாட்டுச் சோதனைக்கூடம் ஒன்றின் அறிக்கையைப் புரட்டினேன். ஏறத்தாழ 400 தாக்குதல்களில் ஒன்றையும் தவறவிடாமல் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தது ஒரு மென்பொருள். அதனினும் விலை குறைந்த மற்றொன்று 99.5 வாங்கியிருந்தது. முதலாவதையே வாங்கச் சொன்னேன். அம்மையாரும் வாங்கினார். இனிக் கவலையில்லை என்று இருவரும் எண்ணினோம்.

மறு ஆண்டு பறிப்புக் காலத்தில், மார்கழிக் குளிரில் ஒரு காலை, அம்மையார் ஆள் அனுப்பினார். சென்று பார்த்தேன். கணினித் திரையில் பணம் கேட்கும் அறிவிப்பு ஒன்று நின்றது. எந்தக் கோப்பும் திறக்கவில்லை. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பழம் பறித்தார், எவருக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கப்பட்டது என்ற கணக்கெல்லாம் பூட்டப்பட்டுவிட்டன. திறவுகோல் கயவர் கையில் இருந்தது. அடுத்த சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். முற்றத்தில் நின்றிருந்த பறிப்புப் பெண்கள் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் பேசாதிருந்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. திரையின் ஓரத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய மென்பொருளின் சின்னம் இருந்தது. அப்படியானால் அந்த நூறு பொய்யா?

இக்கேள்விக்கு விடை காண முயன்றபோது நான் கற்றவற்றையே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், சோதனை என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஐகார் சோதனைக் கோப்பு என்பது அதன் பெயர். 68 எழுத்துக்களே கொண்டது. யாருக்கும் தீங்கு செய்யாதது. தடுப்பு மென்பொருள்கள் யாவும் இதனைக் கண்டவுடன் கூவ வேண்டும் என்பது உலகெங்கும் செய்துகொண்ட உடன்பாடு. காவற்காரன் விழித்திருக்கிறானா என்று அவன் பெயரைச் சொல்லி அழைத்துப் பார்ப்பது போன்றது இது. அவன் "ஐயா" என்று குரல் கொடுத்தால் விழித்திருக்கிறான் என்று அறியலாம். திருடனைப் பிடிப்பானா என்று அறிய முடியாது.

அதனை அறியவே தனிச் சோதனைக்கூடங்கள் தோன்றின. 1989இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'வைரஸ் புல்லட்டின்' என்ற இதழ், 1998 முதல் 'விபி-100' என்ற சான்றிதழை வழங்கி வருகிறது. நடைமுறையில் உலவும் நச்சுநிரல்கள் யாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும், குற்றமற்ற கோப்பு ஒன்றையும் குற்றவாளி என்று பிடிக்கக் கூடாது என்பதே அதன் தொடக்ககால விதி. ஜெர்மனியில் மாக்டெபுர்க் நகரிலுள்ள 'ஏவி-டெஸ்ட்' நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்ற மூன்றுக்கும் ஆறு ஆறு புள்ளிகள் வைத்து, மொத்தம் 18 புள்ளிகளுக்குச் சோதிக்கிறது. ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் நகரிலுள்ள 'ஏவி-கம்பேரட்டிவ்ஸ்' நிறுவனம், 'நடைமுறை உலகப் பாதுகாப்புச் சோதனை' என்ற பொருள் தரும் பெயரிலேயே ஒரு சோதனையை நடத்துகிறது. சென்னையில் 1990களின் தொடக்கத்தில் தோன்றிய 'கே7' நிறுவனமும் புனே நகரத்துக் 'குவிக் ஹீல்' நிறுவனமும் இத்தகைய தேர்வுகளில் அமர்ந்து மதிப்பெண் வாங்கியவையே. நம் நாட்டு மென்பொருளும் அயல்நாட்டு மென்பொருளும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுவது நல்லதொரு செய்தி அன்றோ?

இச்சோதனைகள் பயனற்றவை என்று நான் கூற வரவில்லை. அவை இல்லாவிடில் நமக்கு எஞ்சுவது விற்பவரின் விளம்பரம் ஒன்றே. ஆனால் மதிப்பெண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனைப் படிப்பதில் நான் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதற்பிழை, என் தொழிலுக்கே இழுக்கானது. 400க்கு 400 என்பதற்கும் 400க்கு 398 என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டே இரண்டு. மற்றொரு மாதத்தில் வேறு 400 எடுத்திருந்தால் இவ்விரண்டும் இடம் மாறியிருக்கக்கூடும். புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு. ஒரு பொருளை 400 முறை சோதித்து, ஒருமுறையும் தவறாவிட்டால், அதன் உண்மையான தவறு விகிதம் சுழியம் என்று கூறலாகாது. மூன்றை நானூறால் வகுத்தால் 0.75 விழுக்காடு வருகிறது. உண்மை விகிதம் அதுவரையிலும் இருக்கக்கூடும் என்றே கூற வேண்டும். ஆகவே, நூறு வாங்கிய மாணவனுக்கும் 99.5 வாங்கிய மாணவனுக்கும் இடையே அறிவில் வேறுபாடு உண்டு என்று அந்த அறிக்கை மெய்ப்பிக்கவில்லை. நன்கு நடத்தப்படும் சோதனைக்கூடங்கள் இதனை அறியும். 'ஏவி-கம்பேரட்டிவ்ஸ்' நெருங்கிய மதிப்பெண் பெற்றவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து, அக்குழுவை அடிப்படையாகக் கொண்டே தரத்தை வழங்குகிறது. அறிக்கை எழுதியவர் செய்யாத தரவரிசையை நான் என் மனத்திலே செய்துகொண்டேன். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொன்ன பாடத்தை வாங்கும் வேளையில் மறந்தேன்.

இரண்டாம் பிழை, பானையைப் பற்றியது. ஒரு சோறு பதம் என்பது எப்போது பொருந்தும்? பானை முழுதும் ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு என்றால் பொருந்தும். நச்சுநிரல்களின் பானை அத்தகையதன்று. ஒவ்வொரு நாளும் நாலரை இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய தீய நிரல்களையும் விரும்பத்தகாத நிரல்களையும் பதிவு செய்வதாக 'ஏவி-டெஸ்ட்' அறிவித்திருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்த சோறு இன்றைய பானையில் இல்லை.

இதனை எனக்குத் தெளிவாக விளக்கியது எங்கள் மலையின் காப்பிச் செடியே. 1869இல் இலங்கையில் இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் காப்பியைத் தாக்கியது. இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி படிந்து, இலை உதிர்ந்து, செடி நலிந்தது. இலங்கையின் காப்பித் தொழிலே அழிந்து, அம்மலைகள் தேயிலைக்கு மாறின. தென்னிந்தியாவுக்கும் நோய் பரவியது. 1911இல் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர் துருவை எதிர்த்து நின்ற செடி ஒன்றைக் கண்டு, அதன் விதையைப் பெருக்கினார். 'கென்ட்ஸ்' என்ற அவ்வகை பல தோட்டங்களில் நடப்பட்டது. அந்நாளில் அது சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிய செடி என்றே கூறலாம். ஆனால் சில ஆண்டுகளில் துரு அதனையும் பற்றியது. செடி மாறவில்லை, துரு மாறியிருந்தது. கர்நாடகத்துப் பாலஹொன்னூரில் அமைந்த காப்பி ஆராய்ச்சி நிலையத்தில், மெய்ன் என்ற அறிஞர் 1930களில் துருப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு என்பதை நிறுவினார். ஓரினத்தை வென்ற செடி மற்றோரினத்திடம் தோற்கும். அதன்பின் அங்கு உருவான 'எஸ்.795' என்ற வகை சேர்வராயன் மலையில் இன்றும் வளர்கிறது. அதுவும் காலப்போக்கில் தன் எதிர்ப்பாற்றலை ஓரளவு இழந்தே வந்திருக்கிறது.

பூஞ்சைக்கு மனம் இல்லை. அது கண்ணை மூடிக்கொண்டே மாறுகிறது. நச்சுநிரல் எழுதுபவனுக்கோ மனம் உண்டு. நாம் வாங்கும் அதே பூட்டை அவனும் கடையில் வாங்கி, தன் வீட்டில் வைத்துத் திறந்து பழகலாம். திறந்த பிறகே அவன் நம் வீட்டுக்கு வருகிறான். ஆகவே, சென்ற திங்களின் மதிப்பெண் அடுத்த திங்களுக்கு உறுதிமொழி ஆகாது. அறிக்கையின் மேல் அச்சிட்ட ஆண்டையும் திங்களையும் முதலில் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இலவசத் தடுப்பு மென்பொருள் 2012இல் 'ஏவி-டெஸ்ட்' சான்றிதழையே இழந்தது. அந்நிறுவனத்தின் 'டிஃபெண்டர்' பிற்காலத்தில் அதே கூடத்தில் முழுப் புள்ளிகளும் வாங்கியது. '2012இல் படித்தேன்' என்று இன்று ஒருவருக்கு அறிவுரை கூறுபவன், பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நல்ல நாள் குறிப்பவனை ஒப்பான்.

மூன்றாம் பிழை, தேர்வுக்கூடத்தை என் ஊர் என்று எண்ணியது. சோதனைக்கூடத்துக் கணினியில் அண்மைக்காலத் திருத்தங்கள் யாவும் ஏற்றப்பட்டிருக்கும். இணைய இணைப்பு அறுபடாது. மலையின் நிலை வேறு. வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்தால் மின்சாரமும் இணைப்பும் மணிக்கணக்கில், சில சமயம் நாள் கணக்கில், இல்லாமற்போகும். இக்காலத்துத் தடுப்பு மென்பொருள்கள் பல, ஐயத்துக்குரிய கோப்பைக் கண்டால் தம் நிறுவனத்தின் தொலைதூரக் கணினிகளைக் கேட்டே முடிவு செய்கின்றன. கேட்க வழியில்லாதபோது அவற்றின் கண் மங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மங்குவதில்லை என்பதே கவனிக்கத்தக்கது. 'ஏவி-கம்பேரட்டிவ்ஸ்' தனது மற்றொரு சோதனையில், இணைப்புள்ளபோது எவ்வளவு, இணைப்பில்லாதபோது எவ்வளவு என்று தனித்தனியே எண் தருகிறது. சில மென்பொருள்களுக்கு இவ்விரு எண்களும் அருகருகே இருக்கும். சிலவற்றுக்குப் பெரும் பள்ளம் இருக்கும். மலையில் வாழும் நான் பார்த்திருக்க வேண்டியது இந்த எண்ணை. நான் பார்த்ததோ முகப்பிலிருந்த எண்ணை.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். ஆய்வேட்டை அச்சிடப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குச் செல்கிறீர்கள். அங்குள்ள கணினியில் ஒரு நாளைக்கு எத்தனை பென் டிரைவ்கள் நுழைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நடைமுறை உலகச் சோதனை என்று பெயர் பெற்றது பெரும்பாலும் இணையத்தின் வழியே வரும் தாக்குதலைச் சோதிப்பது. பென் டிரைவ் வழியே வருவதற்கு வேறு சோதனையைப் பார்க்க வேண்டும். 'நடைமுறை உலகம்' என்ற சொல்லைக் கண்டால் 'யாருடைய உலகம்?' என்று கேளுங்கள்.

இனி, நான்காவதாக ஒரு செய்தி. இதில் பிழை என்னுடையதன்று. தேர்வு எழுதியவனும் வேலைக்கு வந்தவனும் ஒருவனேதானா என்ற கேள்வி அது. 2015 ஏப்ரல் 30 அன்று, நான் முன்பு சொன்ன மூன்று சோதனைக்கூடங்களும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. சீனத்தின் 'கீஹூ 360' நிறுவனம் சோதனைக்கு அனுப்பிய பதிப்பில், 'பிட்டிஃபெண்டர்' என்ற மற்றொரு நிறுவனத்தின் கண்டறியும் பொறி இயங்கிக்கொண்டிருந்தது. அதன் பயனர்களில் பெரும்பாலோர் கையிலிருந்த பதிப்பிலோ அப்பொறி இயல்பாக இயங்கவில்லை. இதனைக் கண்டறிந்த கூடங்கள், அவ்வாண்டு வழங்கிய சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றன. அந்நிறுவனம் தன் பக்கத்து விளக்கத்தைக் கூறியது. ஆயினும் படிப்பினை நமக்கு வேண்டும். மதிப்பெண் உண்மை, வினாத்தாள் உண்மை, விடை எழுதியவன்தான் வேறு. இதனை வெளிப்படுத்தியவையும் அச்சோதனைக்கூடங்களே என்பதை மறவாமல் குறிப்பிட வேண்டும். தம் அளவுகோலிலிருந்த குறையைத் தாமே ஊரறியச் சொல்பவரை நம்பலாம்.

தடுப்பு மென்பொருளே தீங்கு செய்வதும் உண்டு. 2010 ஏப்ரலில் 'மெக்காஃபி' நிறுவனம் அனுப்பிய நாள்முறைத் திருத்தம் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் உயிர்நாடியான கோப்பு ஒன்றை நச்சுநிரல் என்று எண்ணிப் பிடித்துக்கொண்டது. உலகின் பல பகுதிகளில் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்தெழுந்தன. எதிர்ப்பட்டவரையெல்லாம் கள்வர் என்று பிடிக்கும் காவற்காரன் கள்வனைத் தவறவிடமாட்டான். ஆனால் வீட்டுக்காரரையும் உள்ளே விடமாட்டான். ஆதலின், எத்தனை பிடித்தது என்ற எண்ணோடு, எத்தனை முறை வீணே கூவியது என்ற எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, எங்கள் தோட்டத்தில் நடந்தது என்ன? என்னிடம் படித்த இளம் பொறியாளர் ஒருவர் சேலத்திலிருந்து வந்து, அக்கணினியின் பதிவேடுகளைப் படித்தார். மாலையில் என்னிடம் அமைதியாகச் சொன்னார்: "ஐயா, இந்த மென்பொருள் தோற்கவில்லை. அதைச் சண்டைக்கே அழைக்கவில்லை."

சேலத்திலிருந்த கணக்கர் மலையேறி வராமலே கணக்குப் பார்ப்பதற்காக, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதியைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் கடவுச்சொல், தோட்டத்தின் பெயரும் ஓர் ஆண்டும். எங்கோ இருந்த ஒருவன் அதனை ஊகித்து, உரிமையாளராகவே உள்ளே நுழைந்தான். உரிமையாளர் செய்யக்கூடியதையே செய்தான். தடுப்பு மென்பொருளை அணைத்தான். அதன் அமைப்புகளை எவரும் மாற்றாதவாறு கடவுச்சொல் இட்டுப் பூட்டும் வசதி அதில் இருந்தது, நாங்கள் பூட்டவில்லை. பிறகு தன் பூட்டும் நிரலை ஓட்டினான். கதவு, பூட்டு, காவற்காரன் என எல்லாம் இருந்தன. திருடன் கையில் சாவி இருந்தது. அந்த 400 தாக்குதல்களுள், வீட்டுக்காரன் வேடத்தில் வந்து காவற்காரனை வீட்டுக்கு அனுப்பிவிடும் தாக்குதல் ஒன்றும் இல்லை. நூற்றுக்கு நூறு பொய்யன்று. கேட்கப்படாத கேள்விக்கு அது விடையாகவில்லை, அவ்வளவே.

இத்தகைய நிகழ்ச்சிகள் எங்கள் சிறு தோட்டத்துக்கு மட்டும் உரியவையல்ல. 2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற நச்சுநிரல் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சு 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு திங்கள் காலத்தில் அதனை ஏற்றிக்கொண்டவர்கள், எந்தத் தடுப்பு மென்பொருள் வைத்திருந்தாலும், அந்த ஓட்டையைப் பற்றி அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் நச்சுநிரல் இருப்பதை இந்தியக் கணினி அவசரகாலக் குழுவான 'செர்ட்-இன்' தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அதனை ஒப்புக்கொண்டது. அக்கணினி அலுவலகப் பணிக்கான, இணையத்தோடு தொடர்புடைய கணினி என்றும், நிலையத்தை இயக்கும் வலையமைப்பு அதனோடு இணைக்கப்படாமல் தனியே இருந்தது என்றும், நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் கூறியது. இங்கே காத்தது எது? மதிப்பெண் பெற்ற ஒரு மென்பொருள் மட்டும் அன்று. ஒரு சுவர் இடிந்தாலும் மறு சுவர் நிற்கும்படி கட்டிய அமைப்பு.

மருத்துவத் துறையில் இவ்வேறுபாட்டை நெடுநாளாகவே அறிவார்கள். ஆய்வில் ஒரு தடுப்பூசி காட்டும் ஆற்றல் ஒன்று. ஊரில் மக்களுக்குப் போட்டபின் அது தரும் பயன் மற்றொன்று. இதே முறையைக் கணினிக்கும் கையாண்டு பார்த்தார்கள், கனடாவின் மாண்ட்ரியால் நகரத்து ஆய்வாளர்கள். ஐம்பது பேரிடம் மடிக்கணினிகளைக் கொடுத்து, நான்கு திங்கள் அவர்கள் இயல்பாகப் பயன்படுத்துவதைக் கவனித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று வியப்புக்குரியது. தமக்குக் கணினியறிவு மிகுதி என்று கூறிக்கொண்டவர்களே இடருக்கு மிகுதியாக உட்பட்டார்கள். ஐம்பது பேரைக் கொண்டு உலகையே அளந்துவிட முடியாது என்று என் புள்ளியியல் எச்சரிக்கிறது. எனினும், 'எண்களைப் பற்றி அறிந்தவன்' என்று மயங்கிய எனக்கு அம்முடிவு சுருக்கென்று தைத்தது.

அப்படியானால் மாணவர்கள் என்ன செய்ய வேண்டும்? சோதனை அறிக்கைகளைத் தூக்கி எறிய வேண்டா. 99க்கும் 70க்கும் இடையிலுள்ள வேறுபாடு மெய்யானது. எழுபது வாங்கியதை விலக்குங்கள். 99க்கும் 99.5க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்தாதீர்கள். ஓர் அறிக்கையைப் பார்க்காமல், ஓராண்டின் அறிக்கைகளை வரிசையாகப் பாருங்கள். ஒருமுறை முதலிடம் பெற்றதைவிட எப்போதும் முன்வரிசையில் நிற்பதே நம்பத்தக்கது. எத்தனை தாக்குதல்கள், எந்த வழியே, எந்தத் திங்களில், இணைப்போடா இணைப்பின்றியா, வீண் கூச்சல் எவ்வளவு, சோதனைக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். பிறகு, எந்தச் சோதனைக்கூடமும் உங்களுக்காகத் தேர்வு எழுத முடியாத பாடங்களைக் கவனியுங்கள். திருத்தங்களை உடனே ஏற்றுங்கள். எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல் வையுங்கள். தேவையற்ற வாயில்களை மூடுங்கள். முதன்மையான கோப்புகளுக்குப் படி எடுத்து, கணினியோடு இணைக்காத வேறோர் இடத்தில் வையுங்கள்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எது பொருந்தும், பதச் சோறா, ஏட்டுச் சுரைக்காயா? சோதனையின் மதிப்பெண் பதச் சோறுதான். ஆனால் அது சோதனைக்கூடத்துப் பானையின் பதம். அதனை நம் வீட்டு அடுப்பிலும் வெந்துவிட்டதாக எண்ணிப் பரிமாற முனைந்தால், அப்போது அது ஏட்டுச் சுரைக்காயாகிவிடுகிறது. குறை சோற்றிலும் இல்லை, சுரைக்காயிலும் இல்லை. பரிமாறுபவன் கண்ணில் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை கூலி என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அம்மையார் கயவருக்குப் பணம் கொடுக்கவில்லை. பழைய மேஸ்திரி ஒருவர், கணினி வந்தபின்னும் தம் பழக்கத்தை விடாமல், நாள்தோறும் மாலையில் எடைபோடும்போது ஆள்வாரியாகக் கிலோக் கணக்கை ஒரு நீண்ட நோட்டில் பென்சிலால் எழுதி வந்திருந்தார். "இனி இது எதற்கு?" என்று அவரைக் கேட்டவர்களுள் நானும் ஒருவன். அவர் நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று இரவுகள் விளக்கொளியில் நாங்கள் மூவரும் அமர்ந்து கணக்கை மீட்டெழுதினோம். முன்பணக் கணக்கு முழுவதும் அதில் இல்லை. அவரவர் சொன்னதையே நம்பி எழுதினோம். கூலி இரண்டு நாள் தாமதமாகக் கிடைத்தது; ஆனால் எல்லாருக்கும் கிடைத்தது.

அத்தோட்டத்தில் இப்போதும் தடுப்பு மென்பொருள் இருக்கிறது. விலை குறைந்த, 99.5 வாங்கிய அந்த மற்றொன்றுதான். தொலைவழி வாயில் மூடப்பட்டுவிட்டது. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை கணக்கைத் தனித்தட்டில் படியெடுத்து, தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். அதே அலமாரியில் மேஸ்திரியின் நோட்டும் இருக்கிறது. இவ்வாண்டு அவருக்குப் புதிய நோட்டு ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன்.